மேஜை மேல் ஒரு மலை ரயில்: மாடல் லேஅவுட்டில் 'நிஜம்' எங்கிருந்து வருகிறது?

மாடல் ரயில் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. எஞ்சின் விலை உயர்ந்தது, ஜன்னல் வைப்பர் வரைக்கும் துல்லியமாக இருக்கும். ஆனால் அது ஓடுவது ஒரு பிளைவுட் பலகை மேல். பலகைக்குப் பச்சை விரிப்பு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் வீடு, நாலு பிளாஸ்டிக் மரம். எவ்வளவு செலவு செய்திருந்தாலும் அது பொம்மையாகத்தான் தெரியும்.

இன்னொன்றையும் பார்க்கலாம். ஒன்றரை அடி நீளத்துக்குத் துருப்பிடித்த தண்டவாளம், ஓரத்தில் காய்ந்த புல், வெயிலில் வெளுத்த ஒரு தகரக் கொட்டகை. ரயிலே இல்லை. ஆனாலும் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்த இடம் மாதிரி இருக்கும்.

இந்த வித்தியாசம் பணத்தால் வருவது இல்லை. கைத்திறமைகூட இதில் பாதிதான். ஒரு குறிப்பிட்ட இடத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்தீர்கள் என்பதுதான் மீதி. 'ஒரு கிராமம்', 'ஒரு மலை' என்று பொதுவாகச் செய்தால் அது எந்த ஊராகவும் ஆகாது.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கடைகளில் கிடைக்கும் ரெடிமேட் கட்டிட கிட்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ஊர்கள். நம் டீசல் எஞ்சினைக் கொண்டுபோய் ஜெர்மன் தேவாலயம் பக்கத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். நம் ஊர் வேண்டும் என்றால் நாமேதான் செய்ய வேண்டும்.

எதைச் செய்வது? ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: இமாச்சலப் பிரதேசத்தில், கால்கா–சிம்லா மலைப்பாதையில் உள்ள பரோக் ஸ்டேஷன். 1903-ல் திறந்த பாதை, சுமார் 96 கி.மீ. நீளம். நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், 800-க்கும் மேற்பட்ட பாலங்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அழகுக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கணக்கு ஒத்துவருகிறது.

முதலில் கணக்கு, அப்புறம் பசை

மாடல் ரயிலில் அதிகம் புழங்கும் அளவு எச்ஓ. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது இதில் 1 மீட்டர். எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. உலகின் பல நாடுகளில் உள்ள 1435 மி.மீ. பாதைக்கு அது சரி. நம் அகலப்பாதை 1676 மி.மீ., அதாவது மாடலில் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். எனவே எச்ஓ-வில் ஓடும் இந்திய அகலப்பாதை ரயில்கள் எல்லாம் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகின்றன. பெரும்பாலானோர் இதைக் கண்டுகொள்வதில்லை, பரவாயில்லை.

வளைவுதான் உண்மையான தலைவலி. அகலப்பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே 175 மீட்டர். அதை எச்ஓ-வுக்குச் சுருக்கினால் 2 மீட்டர். ஒரு அரைவட்டம் போட 4 மீட்டர் அகல அறை தேவை. வாடகை ஃபிளாட்டில் யாரிடம் இருக்கிறது? அதனால்தான் மாடல் லேஅவுட்களில் நீண்ட பெட்டிகள் கயிறு மேல் நடப்பதுபோல வளைவில் திணறுகின்றன.

கால்கா–சிம்லா பாதையின் அகலம் 762 மி.மீ. எண்பத்தேழால் வகுத்தால் 8.75. கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும். மிகக் கூர்மையான வளைவின் ஆரம் சுமார் 37.5 மீட்டர், மாடலில் 43 செ.மீ. அதாவது எதையும் வளைக்காமல், ஏமாற்றாமல், நிஜ வளைவையே ஒரு மேஜை மேல் போட்டுவிடலாம். இப்படி அமைவது அபூர்வம்.

'நம்ம ஊட்டி ரயிலை விட்டுட்டு ஏன் சிம்லா?' என்று கேட்பீர்கள். நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும். நடுவில் பல்சக்கரத் தண்டவாளமும் ஓடுகிறது. செய்யலாம், ஆனால் முதல் லேஅவுட்டுக்கு அது கொஞ்சம் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. 9 மி.மீ. தண்டவாளத்தில் இரண்டு வகை உண்டு. என் அளவுக்கானதில் ஸ்லீப்பர் கட்டைகள் சின்னதாக, நெருக்கமாக இருக்கும். குறும்பாதைக்கு என்று விற்பதில் அவை பெரிதாக, இடைவெளி விட்டு இருக்கும். இரண்டாவதை வாங்குங்கள். எஞ்சினுக்கு என் அளவின் சேசிஸையே எடுத்து, மேலே வேறு உடலை மாட்டிக்கொள்ளலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தட்டைப் பலகை வேண்டாம்

நிஜத்தில் நிலம் முதலில் இருந்தது, ரயில் பிறகு வந்தது. மலையை ஒரு பக்கம் வெட்டி, இன்னொரு பக்கம் மண் நிரப்பி, நடுவில் ஒரு படி மாதிரி செதுக்கிப் பாதை போட்டார்கள். தட்டையான பலகையில் தண்டவாளம் ஒட்டி, பிறகு மேலே மலையை வைத்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ இடறும்.

எனவே நிலம் தண்டவாளத்துக்கு மேலேயும் போக வேண்டும், கீழேயும் இறங்க வேண்டும். பலகையின் முன்ஓரத்தில் தண்டவாள மட்டத்தைவிட ஐந்தாறு அங்குலம் பள்ளம் விடுங்கள். அந்த ஒரு முடிவே லேஅவுட்டின் முகத்தை மாற்றிவிடும்.

இதற்கு எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை நல்லது. மொட்டைமாடியில் வெப்பம் தடுக்கப் போடுகிற அதே பலகைதான். தெர்மோகோல் மலிவு. ஆனால் அறுக்கும்போது வெள்ளை மணிகள் உதிர்ந்து வீடு முழுக்கப் பறக்கும். எக்ஸ்பிஎஸ்ஸைக் கத்தியாலேயே பாறைபோலச் செதுக்கலாம். இரண்டிலுமே ஸ்ப்ரே பெயின்ட், ரப்பர் பசை படக் கூடாது, கரைந்து குழியாகிவிடும். ஃபெவிகால் போதும்.

இடம் குறைவாக இருந்தால் வட்டமாகப் பாதை போடவே வேண்டாம். நாலு அடிக்கு ஒன்றரை அடி அலமாரித் தட்டு போதும். பரோக்கில் சுரங்கத்தின் வாயை ஒட்டியே ஸ்டேஷன் இருக்கிறது. அந்தச் சுரங்கம் 1,143 மீட்டர், மாடலில் செய்தால் 13 மீட்டர் வரும். உங்களுக்கு அதன் வாயும், உள்ளே இருட்டில் ஒரு சாண் கல் சுவரும் போதும். ரயில் சுரங்கத்துக்குள் போய் மறைகிறது, பின்னால் ஒரு சாதாரணப் பலகையில் நிற்கிறது. மறுபடி வெளியே வருகிறது. பார்ப்பவர் மனசு மீதி மலையைப் போட்டுக்கொள்ளும்.

மண்ணை மண்ணாலேயே செய்யலாம்

பாறைக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கசக்கிய அலுமினிய ஃபாயில் மேல் கரைத்து ஊற்றி, இறுகியதும் உரித்தால் வெடிப்பும் மடிப்புமாகப் பாறை முகம் கிடைக்கும். நிறம்தான் முக்கியம். 'பாறை என்றால் சாம்பல்' என்று பூசிவிடாதீர்கள். பரோக், கசௌலி, டக்‌ஷாய் வட்டாரத்தில் பச்சை கலந்த சாம்பல் நிற மணற்கல்லும், ஊதா கலந்த சிவப்புக் களிக்கல்லும் உண்டு. அந்தச் சிவப்பு ஒரு இடத்தில் எட்டிப் பார்த்தால் போதும், அந்த மலை இமாச்சலத்துக்கு வந்துவிடும். பெயின்டைத் தண்ணீராகக் கரைத்து மூன்று நிறங்களைத் திட்டுத்திட்டாக விடுங்கள். கடைசியில் மிக நீர்த்த கறுப்பை ஊற்றினால் அது வெடிப்புகளில் போய்த் தங்கிக்கொள்ளும்.

தரைக்கு நிஜ மண்ணைவிட நல்ல பொருள் இல்லை. வெயிலில் நன்றாகக் காயவைத்து, வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலித்து எடுங்கள். வறுப்பது பூச்சியும் பூஞ்சையும் வராமல் இருக்க. பிறகு அதில் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். மண்ணில் இருக்கும் இரும்புத் துகள் எஞ்சின் மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது.

மண்ணைத் தூவியபின் ஒட்டவைக்கும் வழி: ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். அந்த இரண்டு சொட்டு இல்லையென்றால் கலவை உள்ளே இறங்காது, முத்துமுத்தாக மேலேயே உருளும். இங்க் ஃபில்லரால் சொட்டுச்சொட்டாக விட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

தண்டவாளத்துக்கு நடுவே போடும் ஜல்லியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நிஜ ஜல்லி சுமார் 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மாடலில் அது 0.6 மி.மீ.கூட இல்லை. கடையில் 'ஜல்லி' என்று விற்கும் பொட்டலத்தில் பலசமயம் அதைவிட மூன்று மடங்கு பெரிய கல் இருக்கும். அது பாதையில் பாறாங்கல் கொட்டியதுபோலத் தெரியும். ஆற்று மணலையோ எம்-சாண்டையோ சலித்தால் சரியான அளவு கிடைத்துவிடும்.

புல்லுக்கு நைலான் இழைகள் விற்கிறார்கள், 2 மி.மீ., 4 மி.மீ., 6 மி.மீ. நீளங்களில். பசை பூசிய தரையில் சும்மா தூவினால் படுத்துக்கொள்ளும். நிலைமின்சாரம் ஏற்றித் தூவினால் ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கும். அதற்கான கருவி விலை அதிகம். கொசு பேட்டின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை எடுத்து டீ வடிகட்டியோடு இணைத்து இதை வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் உண்டு. அது நல்ல ஷாக் அடிக்கும், ஸ்விட்சை அணைத்த பிறகும் சார்ஜ் தங்கியிருக்கும். எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்க வேண்டாம். புதர்களுக்குக் குளியல் ஸ்பாஞ்சைப் பெயின்டில் முக்கிக் காயவைத்து, சமையலுக்கு எடுக்காத பழைய மிக்ஸி ஜாரில் அரைத்தால் போதும்.

34 சென்டிமீட்டர் மரம்

பரோக் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் சீர் பைன் மரங்கள்தான் ஆட்சி. தேவதாரு காடு சிம்லாவை நெருங்கும்போது வருகிறது. கடையில் விற்கும் கூம்பு வடிவ கிறிஸ்துமஸ் மரங்கள் இரண்டுக்கும் பொருந்தாது. வளர்ந்த சீர் பைனுக்குக் கீழ்ப்பாதியில் கிளையே இருக்காது, நெடுநெடுவென்று வெறும் தண்டு. உச்சியில்தான் இலைக்கொத்து.

நன்கு வளர்ந்த மரம் 30 மீட்டர் இருக்கும். மாடலில் 34 செ.மீ. அப்படியே நட்டால் ஸ்டேஷன் குள்ளமாகிவிடும், அலமாரியின் மேல்தட்டும் இடிக்கும். இங்கே மட்டும் அளவைக் கொஞ்சம் ஏமாற்றலாம். முன்னால் 18, 20 செ.மீ. மரங்கள், பின்னால் போகப்போகச் சின்னதாக, நிறமும் வெளிறி, நீலம் கலந்து. தூரத்து மலை நீலமாகத் தெரிகிறது இல்லையா, அதே தந்திரம்.

செய்முறை எளிது. இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு நடுவே தேங்காய் நார்த் துண்டுகளைப் பரப்பி, கம்பியின் ஒரு முனையை டிரில்லில் மாட்டிச் சுற்றினால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஆகிவிடும். கத்தரியால் வடிவம் கொடுத்து, பசை தெளித்து, அரைத்த ஸ்பாஞ்சைத் தூவுங்கள்.

முக்கியமான ஒன்று மரத்தின் கீழே இருக்கிறது. பைன் காட்டுத் தரையில் பச்சை குறைவு. உதிர்ந்த ஊசி இலைகள் செம்பழுப்பாக மெத்தைபோல மூடியிருக்கும். தச்சுப்பட்டறையில் கிடைக்கும் மெல்லிய மரத்தூளை அந்த நிறத்தில் சாயம் ஏற்றித் தூவுங்கள். பச்சை விரிப்பின் மேல் நட்ட பைன் மரம் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் பொய் சொல்லும்.

ஸ்டேஷனை போட்டோவிலிருந்து அளப்பது எப்படி?

கட்டிடத்தின் வரைபடம் உங்களுக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ போதும், அதில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தால். கதவு கிட்டத்தட்ட 7 அடி, எச்ஓ-வில் 24 மி.மீ. தண்டவாளங்களின் இடைவெளி 762 மி.மீ. என்று தெரியும். வாசலில் ஒருவர் நின்றிருந்தால் இன்னும் நல்லது, அவர் மாடலில் 19 மி.மீ. சுவரை நேர் எதிரே நின்று எடுத்த படமாக இருக்க வேண்டும். சாய்வாக எடுத்தது ஏமாற்றும்.

நேராக நல்ல அட்டையில் வெட்ட ஆரம்பிக்காதீர்கள். பழைய அமேசான் டப்பாவில் ஒரு மாதிரி செய்து, லேஅவுட்டில் வைத்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ரொம்பப் பெரிதாகத் தெரிந்தால் நீளத்தைக் குறைக்கலாம். ஆறு ஜன்னலை நாலாக்கலாம். ஆனால் கதவின் உயரத்தை மட்டும் தொடாதீர்கள். ஜன்னல் எண்ணிக்கையை யாரும் எண்ண மாட்டார்கள், கதவு குட்டையானால் உடனே தெரியும்.

சுவருக்குச் சன்போர்டு. ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் வாங்கும் கடைகளில் கிடைக்கும், கட்டரால் சுலபமாக வெட்டலாம். கல் கட்டுமானத்தை மெல்லிய ஃபோமில் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் கீறியே கொண்டுவரலாம். மலைப்பாதைத் தடுப்புச் சுவர்களில் கல் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. வரிசை மட்டும் கிடைமட்டமாகப் போகும், கல் சின்னதும் பெரியதுமாக மாறிமாறி. இதைக் கவனிக்காமல் செங்கல் மாதிரி கட்டம் போட்டுவிடுகிறார்கள்.

நெளிதகரக் கூரைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நிஜத் தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததுக்கும் 76 மி.மீ. இடைவெளி. எச்ஓ-வில் அது 0.87 மி.மீ. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்5 போல்ட்டின் மரை இடைவெளி 0.8 மி.மீ. கொஞ்சம் தடிமனான ஃபாயிலை ரப்பர் விரிப்பில் வைத்து, மேலே அந்தப் போல்ட்டை அழுத்தி உருட்டினால் கூரைத் தகரம் தயார். சில ரூபாய் செலவு.

மஞ்சள் பெயர்ப்பலகையை மறக்க வேண்டாம். கறுப்பு எழுத்து, கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற வரி. அந்தச் சின்ன வரிதான் பார்ப்பவருக்கு 'இது இந்தியா' என்று சொல்கிறது. அதை மட்டும் கையால் எழுதாமல் பிரின்ட் எடுத்து ஒட்டுங்கள்.

பளபளப்பு கூடாது

சின்ன அளவில் எதுவும் பளபளக்கக் கூடாது. கட்டிடம், பெட்டி, பாறை எல்லாவற்றுக்கும் கடைசியில் மேட் வார்னிஷ். விதிவிலக்கு தண்டவாளத்தின் மேல்பரப்பு, அது சக்கரம் தேய்த்துப் பளிச்சென்று இருக்கும். பக்கவாட்டில் துருப்பழுப்பு. இந்தத் துருவைப் பூசுவதற்கு ஒரு மாலை நேரம் ஆகும், முழு லேஅவுட்டிலும் அதைவிடப் பலன் தரும் வேலை எதுவும் இல்லை.

சாக் பேஸ்டலைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி, மென்மையான பிரஷ்ஷால் கூரை ஓரம், சுவரின் அடிப்பாகம், படிக்கட்டு என்று தடவுங்கள். அழுக்குக்கும் ஒரு தர்க்கம் உண்டு. மழைநீர் வழியும் இடத்தில் கோடாக, கால் படும் இடத்தில் தேய்வாக, சுரங்கத்தின் வாய் உச்சியில் புகைக் கறையாக. எல்லா இடத்திலும் சமமாகப் பூசினால் அது அழுக்கு இல்லை, வெறும் பழுப்புப் பெயின்ட்.

மும்பை, சென்னை மாதிரி கடலோர நகரத்தில் இருந்தால் இன்னொன்று. மழைக்காலத்தில் எம்டிஎஃப் உப்பும், அட்டைக் கட்டிடம் வளையும். அட்டையின் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் நிச்சயம் வளையும்.

ஏன் இப்போதே அளக்க வேண்டும்?

பரோக் இருக்கும், யுனெஸ்கோ காவல் அதற்கு உண்டு. உங்கள் ஊர் ஸ்டேஷன்? 1992-ல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டம் நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகளில் கிட்டத்தட்ட அனைத்தையும் மாற்றிவிட்டது. கூடவே நிறைய பழைய ஸ்டேஷன் கட்டிடங்களும் கை சிக்னல் கம்பங்களும் போய்விட்டன. இப்போது அம்ரித் பாரத் திட்டத்தில் 1,300-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்கள் புதுப்பிக்கப்படுகின்றன. 2023 ஆகஸ்ட் 6 அன்று ஒரே நாளில் 508 ஸ்டேஷன்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பயணிகளுக்கு லிஃப்டும் நல்ல கழிப்பறையும் வருவது நல்லதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் மரப்பலகை முகப்பு வைத்த நடைமேடைக் கூரையையும், டிக்கெட் ஜன்னலின் வளைவையும் யாரும் அளந்து வைத்துவிட்டு இடிப்பதில்லை.

லாரி பேக்கர் வீடுகளையும் பெரிய டெர்மினஸ்களையும் பதிவு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். சின்ன ஊர் ஸ்டேஷனுக்கு இருப்பது அங்கே வளர்ந்தவர்களின் போன் கேலரிதான். அதிலும் பெரும்பாலும் முகங்கள், பின்னால் பாதி சுவர்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ரயில் வருவதற்கு அரை மணி முன்னால் போங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஆங்கிளுக்காகத் தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்பதோடு, ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பிளாட்பாரத்திலிருந்தே நாலு பக்கமும் நேராக நின்று எடுங்கள். கூரையின் அடிப்பக்கம், தூணின் அடி, கதவுத் தாழ்ப்பாள், சுவரும் தரையும் சேரும் இடம். ஒவ்வொரு சுவர்ப் படத்திலும் ஒரு அடி ஸ்கேலைச் சாய்த்து வைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் உங்கள் தண்ணீர் பாட்டிலை வைக்கலாம். வீட்டுக்கு வந்து அதை அளந்துகொண்டால் சரி.